முதல் அசை மட்டும்

படகோட்டி அர்தேமியோவின் புகார் இவ்வளவுதான்:
"நான் பேசினால் முதல் அசை போகிறது,
மிச்சத்தை மலை விழுங்கிவிடுகிறது."
அதையும் அவன் வானொலியில் சொல்லவில்லை.
பால்பொடி வாங்க இந்தக் கரைக்கு வந்தவளிடம்
காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தான்.

ஏரியின் தென்கரையில் ஐந்து வாட் கைப்பெட்டி அவனுடையது.
"வியென்தோ" என்பான். காற்று என்று பொருள்.
எங்களுக்கு வந்ததோ
வியெ

வியெ

வியெ
ஆட்டுக்குட்டி ஏதோ பொத்தானை மிதிக்கிறது
என்றுதான் ஒரு வாரம் நினைத்தோம்.

நவம்பரிலும் பனி விலகாத செரோ மன்கோ.
ரோசமேல் குதிரைகளை லெங்கா மரத்தில் கட்டிவிட்டு
மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்தான்.
நான் தகரக் குடிலைத் திறந்தேன்.
எலிப்புழுக்கை. பேட்டரி நெடி.
பக்கத்துக்கு மூன்றாய் ஆறு உருளைகள்,
ஒன்றும் தெரியாததுபோல் நின்றன.

டூப்ளெக்சரின் வேலையைச் சொல்வது எளிது.
ஒரே ஆன்டெனா. அதே நொடியில்
நாற்பது வாட்டில் கத்தவும் வேண்டும்,
ஏரிக்கு அப்பாலிருந்து வரும்
தூசியின் எடைகூட இல்லாத குரலைக் கேட்கவும் வேண்டும்.
வாய்க்கும் காதுக்கும் நடுவே உருளைகள் காவல்.
காவல் கண்ணயர்ந்தால்
தன் கத்தலே தன் காதை அடைக்கும்.
காது அடைத்ததும் வாய் மூடும்.
வாய் மூடியதும் காது திறக்கும்.
திறந்ததும், வியெ.

முதலில் ஆன்டெனா மேல்தான் சந்தேகம்.
மின்னல் பட்டது என்று ஊரே சாட்சி சொன்னது.
அதைக் கழற்றி டம்மி லோடு மாட்டினேன்.
செவிடு செவிடாகவே இருந்தது.
வீண்பழி.

உள்ளே நாற்பது போனால்
வெளியே இருபத்தெட்டு வருவது நியாயம்.
உருளைகளுக்கும் கூலி உண்டு.
பதினாறுதான் வந்தது.
பன்னிரண்டு வாட்டை வழியில் யாரோ திருடுகிறார்கள்.

ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினேன்.
முதல் உருளை: முள் அசையவில்லை.
இரண்டாவது: அசையவில்லை.
மூன்றாவதற்குக் கை நீளும்போது
நடுவிலிருந்த கேபிளில் சட்டைக் கை உரசியது.
அவ்வளவுதான்,
சூடு பட்டதுபோல் முள் துள்ளியது.

மற்றவை எல்லாம் அளந்து வெட்டியவை,
வெள்ளிப் பூச்சில் இரட்டை உறை.
இது நான்கு விரல் நீளம் கூட,
ஒற்றைப் பின்னல், கடைத்தெருச் சரக்கு,
முனையில் பச்சையாய்க் களிம்பு.
இதைப் போட்டவனை
அவன் பாட்டன் வரைக்கும் திட்டினேன்.
ரோசமேல் அடுப்பிலிருந்து தலை நிமிர்த்தினான்.
மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான்
கேபிளில் சுற்றிய டேப்பைப் பார்த்தேன்:

"தற்காலிகம். அடுத்த வாரம் மாற்றணும். யா."

அந்த எழுத்தின் வால் எனக்குத் தெரியும்.
யாஸ்னா. நான்.
மூன்று குளிர்காலத்துக்கு முன் ஒரு புயல் இரவு,
கையில் கிடைத்த துண்டை மாட்டி,
வேலை செய்கிறது என்று இறங்கிப் போனவள்.

ரோசமேல் வந்து படித்தான்.
"உன் வாரம் கொஞ்சம் நீளம்" என்றான்.
மாத்தே குவளையை நீட்டினான்.
திட்டியதில் தொண்டை வறண்டிருந்தது.

சரியான கேபிளை மாட்டினேன்.
மூன்றாம் உருளையின் தண்டை மயிரிழை திருப்பினால்
முள் ஏறும்,
நட்டை இறுக்கினால் இறங்கும்.
ஏறும், இறங்கும். வெளிச்சமும் இறங்கியது.
இருபத்தெட்டு வரவேயில்லை.
விரல் மரத்துப்போன நேரத்தில்
இருபத்தேழே இருபத்தெட்டு.

"அர்தேமியோ, பேசு."

"வியென்தோ" என்றான்,
கடைசி ஓ வரைக்கும்.
அப்புறம் நிறுத்தவில்லை.
காற்றின் திசை, படகின் ஓட்டை,
நாய் தூக்கிப்போன கோழி,
பால்பொடி கேட்ட வகை இல்லை என்பது,
மைத்துனன் திருப்பாத கடன்.
கடன் எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தபோது
சட்டென மௌனம்.

பழுதில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல்
யாரும் பேசக்கூடாதென்று
நான் வைத்த டைமர் அது.

ரோசமேல் குதிரையை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்:
"அதுவும் தற்காலிகமா?"